குரல் வருவதற்கு முன் ஓடும் வரிகள்

இன்னும் பேசவில்லை. பொத்தானை அழுத்தினேன், விசிறி எழுந்தது, ஒற்றை பீப் வந்தது, ஹார்ட் டிஸ்க் கொறிக்க ஆரம்பித்தது, கொறித்தது, நின்றது. இதற்குப் பிறகு திரையைப் படித்துக்காட்டும் குரல் வர வேண்டும். வழக்கமாக இந்த இடைவெளியில் காப்பியில் பாதி தீர்ந்திருக்கும். இன்று முழுதும் தீர்ந்து, டம்ளரின் அடியில் தங்கிய சர்க்கரையையும் விரலால் வழித்தாகிவிட்டது. நடுவில் என்டரை இரண்டு தட்டுத் தட்டினேன். என் கைக்கு ஊறிப்போன பழக்கம் அது. மூடிய கதவை யாரும் தட்டத்தான் செய்வார்கள், உள்ளே ஆள் இருக்கிறதா என்று. சத்தம் வந்தால் இருக்கிறது, வராவிட்டால் இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி தட்டினேன். விசிறி மட்டும் ஓடுகிறது. விசிறி ஓடுவது உயிர் இருப்பதற்குச் சான்று, அறிவு இருப்பதற்குச் சான்றில்லை. நான் வேலை பார்த்த நூலகத்தில் இப்படிச் சில அதிகாரிகள் இருந்தார்கள். சரி, நக்கல் இப்போது வேண்டாம். பெட்டிக்குள் என் சொல்லடைவு இருக்கிறது. தாமிரபரணிக் கரைக் கோயில்களின் கல்வெட்டுகளைத் திரட்டி மூன்று பாகமாக ஒரு பதிப்பகம் கொண்டுவருகிறது. மூன்றாம் பாகத்தின் கடைசியில், யாரும் பாராட்டாத இடத்தில், எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் வருகிறது என்று சொல்லும் பகுதி என்னுடையது. இன்று சாயங்காலத்துக்குள் அது போய்ச் சேரவில்லை என்றால் அடைவு இல்லாமலே அச்சேற்றிவிடுவோம் என்று பதிப்பாசிரியர் சொல்லியிருக்கிறார். மரியாதையாகத்தான் சொன்னார், "ஐயா" கூடப் போட்டார். பென்டிரைவில் படி எடுத்து வைத்தது பொங்கலோடு நின்றுபோயிற்று. இது ஆடி. பொங்கலுக்கும் ஆடிக்கும் நடுவில் உள்ளதெல்லாம், அதாவது திருத்தம் முழுவதும், அதாவது அடைவை அடைவாக ஆக்கியது முழுவதும், இந்த ஒரு பெட்டிக்குள், பேசாமல் உட்கார்ந்திருக்கிறது.

இந்த இடைவெளியைப் பற்றி நான் ரொம்ப நாளாக யோசித்து வந்திருக்கிறேன், யோசிக்க நேரம் கிடைப்பதே இந்த இடைவெளியில்தான் என்பதால். பொத்தானை அழுத்துவதற்கும் குரல் வருவதற்கும் நடுவில் கணினி சும்மா இருப்பதில்லையாம். கறுப்புத் திரையில் வரிவரியாக எழுதித் தள்ளுமாம், நான் இதைச் சோதித்தேன், அது சரியாக இருக்கிறது, இது கிடைக்கவில்லை என்று. அந்த வரிகள் கண் இருப்பவர்களுக்காக எழுதப்படுகின்றன, கண் இருப்பவர்கள் அவற்றைப் படிப்பதில்லை. படிக்க ஆசைப்படும் எனக்கு அவை வருவதில்லை. வாசித்துக் காட்ட வேண்டிய குரலோ எல்லாம் முடிந்து, எல்லாரும் அவரவர் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் எழுந்து வருகிறது. ராஜா சபையில் அமர்ந்து வெற்றிலையும் போட்ட பிறகு கட்டியக்காரன் கொட்டாவி விட்டுக்கொண்டே வந்து "ராஜாதி ராஜ" என்று ஆரம்பிப்பதுபோல. அந்தக் காலத்துப் பெட்டி அப்படி இல்லை. கல்லூரியில் எங்களுக்கென்று ஒரு அறை இருந்தது, அதில் கணினியின் முதுகில் செருகிய சாம்பல் நிறப் பேசும் பெட்டி ஒன்று. சாம்பல் நிறம் என்று சொன்னார்கள், எனக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை, நிறங்களை எல்லாம் நம்பிக்கையின் பேரில்தான் வாங்கிக்கொள்கிறேன். சளி பிடித்தவன் மூக்கால் பேசுவதுபோலப் பேசும், ஆனால் முதல் வரியிலிருந்தே பேசும். பிறகு குரல்கள் அழகாகிக்கொண்டே போயின, எழுந்திருக்கும் நேரம் தள்ளிக்கொண்டே போயிற்று. திரையும் அப்படித்தான். பழைய கண்ணாடித் திரைக்கு முன்னால் புறங்கையை நீட்டினால் ரோமம் எழும்பும், சின்னதாக நொறுநொறுவென்று ஒரு சத்தம் கேட்கும், விளக்கு எரிகிறது என்று கைக்கே தெரியும். இப்போது தட்டைத் திரை. கையை வைத்தால் அலமாரிக் கதவைத் தொட்டதுபோல இருக்கிறது. இப்போதும் வைத்துப் பார்த்தேன். லேசான சூடு. சூடு இருந்தால் எரிகிறது. எரிந்தால் ஏதோ எழுதியிருக்கிறது. என் முகத்துக்கு நேராக, ஒரு முழத் தூரத்தில், எனக்கென்றே எழுதியிருக்கிறது.

"உங்க ஆளு இன்னும் வாய தொறக்கலையோ?" என்று அடுக்களையிலிருந்து கோமதி கேட்டாள். என் மனைவி. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், இன்று சனிக்கிழமை என்பதால் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கும் பார்வை இல்லை. ஆனால் குரல் வரவில்லை என்பது எனக்குத் தெரிந்த அதே நொடியில் அவளுக்கும் தெரிந்திருக்கும், நான் சொல்லட்டும் என்று இவ்வளவு நேரம் காத்திருந்திருக்கிறாள். "வருவான்" என்றேன். "சாயங்காலம் அனுப்பணும்னீங்கள்லா." "ம்." "மாடியில ஜமீலாக்கா இருக்காங்க, கூப்பிடட்டுமா?" வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏனென்றால் கண் இருப்பவர்கள் படித்துக் காட்டுவதில்லை, அவர்கள் கருத்துச் சொல்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அதற்கு என்ன அர்த்தமாக இருக்கும் என்று சொல்வார்கள். எனக்கு அர்த்தம் வேண்டாம், எழுத்து வேண்டும். அர்த்தத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். ஆனால் நான் வாயெடுப்பதற்குள் கோமதி வாசலுக்குப் போய் "அக்கா" என்று ஒரு ஸ்வரம் கொடுத்துவிட்டாள். ஜமீலாக்கா தபால் ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எழுத்துப் பிழை இல்லாமல் ஒரு வாக்கியம் சொல்லக்கூடிய மனுஷி என்று எனக்கு அவர்மேல் நம்பிக்கை உண்டு. வந்தார், மூச்சு வாங்கினார், நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "என்ன தெரியுது அக்கா?" "கறுப்பா இருக்கு தம்பி." "எழுத்து?" "வெள்ளையா இருக்கு." "என்ன எழுத்துக்கா?" "அதாம்ப்பா வம்பு, என் கண்ணாடி காம்பு ஒடிஞ்சி கடையில கெடக்கு. எறும்பு சாரை விட்ட மாதிரிதான் தெரியுது." கோமதி சிரித்துவிட்டாள். "அப்போ மூணு பேருமா சேந்து முழிக்கோம்." "ஆனா பாரு, கடைசி வரியில ஒரு கேள்விக்குறி இருக்கு. அது பெருசாத் தெரியுது. பக்கத்துல ஒரு கோடு மினுக் மினுக்னு அடிக்குது." "கேள்விக்குறிதானா? நல்லாத் தெரியுமா?" "முப்பது வருசமா அவனவன் முகவரியிலேயே கேள்விக்குறி போட்டு அனுப்புவான், எனக்குத் தெரியாதா. அடுப்புல பாலு இருக்கு தம்பி, பொங்கிரும்" என்று போய்விட்டார்.

கேள்விக்குறி. அப்படியானால் கணினி சாகவில்லை, என்னை ஏதோ கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்கிறது. இதைக் கேட்டதும் ஒரு நிம்மதியும் அதன் அடியிலேயே ஒரு பயமும் வந்தன. கேட்டவரிடம் இருப்பது கேள்வி, என்னிடம் இருப்பது கேள்விக்குறி மட்டும். என்ன கேட்டிருக்கும்? தொடரட்டுமா என்றா? எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிக்கட்டுமா என்றா? இரண்டுக்கும் கேள்விக்குறி ஒன்றுதான். போனை எடுத்து அதிலுள்ள படித்துக்காட்டும் செயலியைத் திறந்து திரைக்கு நேராகப் பிடித்தேன். நேர் என்பது என் நேர். போன் சற்று யோசித்துவிட்டு, "மேசை. ஒரு டம்ளர். மின்னணுச் சாதனம், தொலைக்காட்சியாக இருக்கலாம்" என்றது. இருக்கலாமாம். கொஞ்சம் பின்னால் தள்ளிப் பிடித்தேன். "ஒரு பெண், கையில் வெங்காயம்" என்றது. "நான் பின்னாடிதான் நிக்கேன், திரைக் கண்ணாடியில தெரியுதோ என்னமோ" என்றாள் கோமதி, "நல்லாருக்கேனாமா கேளுங்க." மூன்றாவது தடவை நான்கு எழுத்தும் ஒரு எண்ணும் சொன்னது, நடுவில் ஜன்னல் வெளிச்சம் விழுகிறது என்று குறை சொன்னது. என் விரல் என்டர் மேல் போய் நின்றது. தட்டினால் ஏதாவது நடக்கும். ஏதாவது நடந்தால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று தெரியும். இந்த வேகம் எங்களுக்கெல்லாம் உண்டு, சும்மா இருக்கும் ஒன்றைத் தொட்டுப் பார்க்காமல் விட எங்களால் முடியாது, தொடாத பொருள் எங்களுக்கு இல்லாத பொருள். விரலை எடுத்துக்கொண்டு அதே போனில் இன்னாசியைக் கூப்பிட்டேன்.

இன்னாசி தூத்துக்குடியில் இருக்கிறான். பள்ளிக்கூட விடுதியில் எனக்கு அடுத்த கட்டில், இரவு முழுக்கப் பேசுவான், அதற்காக அடி வாங்கும்போது என்னையும் சேர்த்துக்கொள்வான். அவனுக்கும் என்னைப்போலப் பார்வை இல்லை, ஆனால் கணினியைத் திருகாணிவரை கழற்றிப் பூட்டுவான், மூடியைத் திறந்து மோந்து பார்த்தே எது கருகியது என்று சொல்வான். "ஏல ஆவுடை, உயிரோடதான் இருக்கியா" என்று ஆரம்பித்தான். நடந்ததைச் சொன்னேன். "கேள்விக்குறின்னு யாரு சொன்னது?" "மாடி வீட்டு அக்கா." "அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடு போடு. அது தெரியாம நீ பாட்டுக்கு இன்னும் தட்டிருப்ப. கைய எடு மொதல்ல, கேள்வி தெரியாம பதில் சொல்லாத. நான் போன வருசம் வந்தப்ப உன் பெட்டிக்குப் பின்னால ஒரு வயரு செருகுறதுக்குத் தோது பண்ணி வச்சேன்லா?" "வச்ச." "வயரு எங்கல?" "இருக்கு." "செருகுனியா ஒரு நாளாவது?" மேசை இழுப்பறையில் வயரைத் துழாவினேன். "படிச்சவன்லா. உன் பழைய லேப்டாப் இருக்கா, மூக்கால பேசுமே? வயரோட மறு முனையை அதுல செருகு. இந்தப் பெட்டி திரையில எழுதுற அத்தனையும் வயரு வழியா அதுக்கும் போவும், அது உனக்குப் படிச்சிக் காட்டும். பக்கத்து வீட்டுக் குழாயில இருந்து தண்ணி எடுக்கிற மாதிரிதான்." "இப்ப கேட்டிருக்கிற கேள்விய சொல்லுமா?" "ஓடிப்போன தண்ணிய எப்படிப் பிடிப்ப? மறுபடி அணைச்சித்தான் போடணும்." அணைத்துப் போட்டால் டிஸ்க் மறுபடி எழுந்திருக்குமா என்று கேட்டேன். பெட்டி வாங்கி எத்தனை வருஷம் என்று மட்டும் கேட்டான், சொன்னேன். பிறகு, "எந்திரிக்கும் மக்கா" என்றான், "எந்திரிக்கலைன்னா ஏன் எந்திரிக்கலைன்னாவது கேட்டுக்கிடுவோம்லா."

மேசைக்கு அடியில் தவழ்ந்து பெட்டியின் முதுகைத் தடவினேன். ஒன்பது ஊசிகள் கொண்ட அந்த வாயை விரல் உடனே கண்டுகொண்டது. வயரைச் செருகி, இரண்டு பக்கத் திருகையும் திருகி, மறு முனையை லேப்டாப்பில் மாட்டி, இன்னாசி சொன்ன கட்டளையை அடித்தேன். கோமதி கையைக் கழுவிவிட்டு வந்து பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள், வெங்காய வாசனை கூடவே வந்தது. பெரிய கணினியை அணைத்தேன். அந்தக் கேள்வி என்னவென்று இனி எனக்கு ஒருபோதும் தெரியாது என்பது அணைத்த பிறகுதான் உறைத்தது, ஏனோ அதற்காக ஒரு கணம் வருத்தப்பட்டேன். பொத்தானை அழுத்தினேன். விசிறி. பீப். அதற்கு அடுத்த நொடியில், எப்போதும் ஒன்றுமே இல்லாத அந்த இடத்தில், லேப்டாப் பேச ஆரம்பித்தது. எனக்குத் தோள்பட்டை சிலிர்த்தது. இங்கிலீஷில்தான் பேசியது, நான் மனசுக்குள் தமிழாக்கிக்கொண்டே கேட்டேன், அது எனக்கு ஒரு வியாதி. நினைவகம் இவ்வளவு, சரி. கடிகாரம், சரி. விசைப்பலகை கிடைத்தது. மவுஸ் கிடைக்கவில்லை. உண்மை, என் வீட்டில் மவுஸ் ஏது. பிரிண்டருக்கான வாய் கிடைத்தது. அந்தப் பிரிண்டரைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டு எத்தனையோ காலம் ஆயிற்று, இது இன்னும் காலையில் எழுந்ததும் அதன் வாயைத் தேடிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போகிறது. "கிளாஸ்ல பேர் கூப்பிடுற மாதிரியே இருக்கு" என்றாள் கோமதி மெதுவாக. "இவ்வளவும் தெனமும் சொல்லிட்டுத்தான் இருந்துச்சா?" "தெனமும்." "யார்ட்ட?" எங்கோ, எந்தக் காலத்திலோ, யாரோ ஒருவர் உட்கார்ந்து இந்த வரிகளை ஒவ்வொன்றாக எழுதியிருக்கிறார். படிப்பார்களா என்று தெரியாமல் எழுதியிருக்கிறார், "தயவுசெய்து" என்ற சொல்லைக்கூட விடாமல் எழுதியிருக்கிறார். அடைவு தயாரிப்பவனுக்கு அந்த மனிதரைத் தெரியும். கையைப் பிடித்து ஒரு வார்த்தை நன்றி சொல்லலாம்போல இருந்தது, என் இங்கிலீஷில் இலக்கணம் பார்த்துச் சொல்வதற்குள் அவர் கையை உருவிக்கொண்டு போயிருப்பார்.

அப்போது அந்த வரி வந்தது. வட்டில், அதாவது ஹார்ட் டிஸ்க்கில், பிழைகள் இருக்கின்றன, பரிசோதனை தொடங்கப் போகிறது, வேண்டாமென்றால் ஏதேனும் ஒரு விசையை அழுத்தவும், பத்து, ஒன்பது. ஏதேனும் ஒரு விசை. எட்டு. என் வலது கை என்டரின் மேல் இருந்தது. நான் வைக்கவில்லை, அதுவாகப் போய் உட்கார்ந்திருந்தது, குரல் வருகிறதா என்று தட்டிப் பார்க்க, ஏழு, தினமும் இதே இடத்தில், இதே நொடியில் தட்டியிருக்கிறேன். உள்ளே ஆள் இருக்கிறதா என்று நான் கேட்டேன், உடம்பு சரியில்லை, பார்த்துக்கொள்ளட்டுமா என்று அது கேட்டது, நான் தட்டியதை வேண்டாம் என்று எடுத்துக்கொண்டு ஒரு வார்த்தை எதிர்த்துச் சொல்லாமல் வேலைக்கு வந்தது. எத்தனை மாதமாகவோ. ஆறு. கையை எடுக்க வேண்டும் என்று தெரிந்தது, எடுக்கும் வேகத்தில் எதையாவது அழுத்திவிடுவேனோ என்றும் பயமாக இருந்தது. "கோமதி, என் கைய தூக்கு" என்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மணிக்கட்டைத் தேடிப் பிடித்து, கொதிக்கும் பாத்திரத்தை இறக்குவதுபோல நேராக மேலே தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மூன்று, இரண்டு, ஒன்று. பரிசோதனை தொடங்குகிறது, சற்று நேரம் ஆகலாம், தயவுசெய்து காத்திருக்கவும். பிறகு லேப்டாப்பும் பேச்சை நிறுத்திவிட்டது. ஹார்ட் டிஸ்க் மட்டும் கொறித்தது, நின்றது, மறுபடி கொறித்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் என் கை துள்ளியது. "இந்தக் கைதான் கள்ளக் கை" என்று அவள் இறுக்கிப் பிடித்தாள். "காத்திருக்கச் சொல்லிட்டுல்லா, காத்திருங்க." தெரியாமல் காத்திருப்பதற்கும், காத்திரு என்று சொல்லப்பட்டுக் காத்திருப்பதற்கும் நடுவில் இவ்வளவு வித்தியாசம் உண்டா? பஸ் வராத நிறுத்தத்தில் யாராவது வந்து, வரும், புறப்பட்டுவிட்டது என்று சொன்னதுபோல முதுகு தளர்ந்தது. பயம் போகவில்லை. ஆனால் பயத்துக்குப் பக்கத்தில் ஆள் இருந்தது.

முதல் கேள்வி வந்தது. ஓர் இடத்தில் சிதைவு இருக்கிறது, சரிசெய்யட்டுமா? கடைசி எழுத்துவரை படிக்கவிட்டேன், மறுபடி ஒருமுறை படிக்கவைத்தேன், பிறகு ஆம் என்பதற்கு இடது கையால் ஒய் என்ற விசையைத் தேடி அழுத்தினேன். அடுத்த இடம், சரிசெய்யட்டுமா? ஒய். அடுத்தது. ஒய். கேள்விகள் நின்றபாடில்லை, ஒவ்வொன்றையும் முழுதாகக் கேட்டுத்தான் பதில் சொன்னேன். "கல்யாணத்துல கூட இத்தன தடவ சம்மதம் சொல்லல நீங்க" என்றாள். பிறகு, முடிந்தது, வட்டு சரியாக இருக்கிறது, தொடர்கிறேன் என்றது. கொஞ்ச நேரத்தில் பெரிய கணினியிலிருந்து அந்த அழகான குரல் ஒன்றுமே நடக்காததுபோல வந்து வணக்கம் சொன்னது. கோப்பைத் திறந்தேன். அ இருந்தது. ஆ இருந்தது. அம்புக்குறி விசையை ஒவ்வொன்றாக அழுத்தி இறங்கிப் போனேன். எ முடிந்து ஏ வர வேண்டிய இடத்தில் வெறும் வெற்றிடம், வெற்றிடம், வெற்றிடம் என்று குரல் சொல்லிக்கொண்டே போயிற்று, பிறகு ஐ வந்துவிட்டது, ஒ, ஓ, க, எல்லாம் வரிசையாக, என் திருத்தங்களோடு, வகரம்வரை. ஏ மட்டும் போயிருந்தது. இன்னாசிக்கு மறுபடி போன் போட்டேன். "பொழச்சிட்டு" என்றேன், "ஏரிதான் போயிட்டு." "என்னல ஏரி?" "ஏரின்னு கல்வெட்டுல வர்ற இடமெல்லாம். அந்தப் பக்கமே இல்ல." "நம்ம பக்கம் ஏதுல ஏரி, எல்லாம் குளம்தான? குளம் இருக்கா?" கோப்பில் கீழே இறங்கிப் பார்த்தேன். இருந்தது. குளம், குளக்கரை, குளக்கால், குளத்துப்பற்று, ஒவ்வொன்றும் தன் பக்க எண்ணோடு, தன் பாகத்தோடு, இரண்டரைப் பக்கத்துக்கு நீண்டு இருந்தது. "இருக்கு" என்றேன். "பெறவு என்ன" என்று சொல்லி வைத்துவிட்டான், நன்றி சொல்ல விடவில்லை. கோமதி இன்னும் என் வலது கையை மடியிலேயே வைத்திருந்தாள். "ஏரிதான, சாயங்காலத்துக்குள்ள வெட்டிருவீங்க" என்றாள். "ரெண்டு கையும் வேணும்" என்றேன். விட்டாள். வெட்ட ஆரம்பித்தேன்.